தளைப்பதிவு: கோட்டத்து ஏடுகளில் பெயர் தேடலும் பெயர் நீக்கலும்

ஒருவரைக் காவலர் பிடித்து, அவர் தம் விருப்பம்போல் நீங்கிச் செல்லவொட்டாமல் நிறுத்திவைப்பது தளையீடு. கைது என்று நாளிதழ்களில் நாள்தோறும் படிப்பது இதைத்தான். அத்தளையீடு நிகழ்ந்தமை காட்டி அரசின் ஏட்டில் அமரும் எழுத்து, எண், ஒளிப்படம், விரல்வரி ஆகியவற்றின் தொகுதி தளைப்பதிவு. முன்னது ஒரு நிகழ்ச்சி. சில மணிநேரத்திலோ சில நாளிலோ முடிந்துவிடும். பின்னது அந்நிகழ்ச்சியின் தடம். யாரேனும் முயன்று துடைத்தாலன்றி நீங்காது. நிகழ்ச்சியின் வாழ்நாளுக்கும் தடத்தின் வாழ்நாளுக்கும் உள்ள இவ்வேறுபாட்டிலிருந்தே இத்துறையின் சிக்கல்கள் பிறக்கின்றன. சட்டவியல், ஆவணவியல், கணினியியல் என்னும் மூன்றும் கூடுமிடமாகிய இத்துறை அமெரிக்க ஒன்றிய நாடுகளில் விரிவாக வளர்ந்துள்ளது. அதன் அமைப்பைத் தமிழில் நிரல்பட விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூன்று படிகளைப் பிரித்தறிதல் வேண்டும். தளையீட்டுக்கு வேண்டுவது நம்பத்தகு கரணியம் ஒன்றே. அதனைச் செய்பவர் காவலர். அடுத்த படி குற்றச்சாட்டு. அதனைத் தொடுப்பவர் அரசு வழக்குரைஞர். மூன்றாம் படி தீர்ப்பு. ஐயத்துக்கிடமற்ற மெய்ப்பிப்பு இருந்தாலன்றி முறைமன்றம் ஒருவரைக் குற்றவாளி எனக் கூறாது. தளையிடப்பட்டோருள் பலர்மீது குற்றச்சாட்டே எழுவதில்லை. எழுந்தவற்றுள்ளும் பல தள்ளப்படுகின்றன, சில விடுவிப்பில் முடிகின்றன. ஆயினும் பதிவு முதற்படியிலேயே பிறந்துவிடுகிறது. பின்னிரண்டு படிகளின் முடிவும் வந்து அதனோடு சேர்ந்தால்தான் அது முழுமை பெறும். தளையிடப்பட்டார் என்பது ஒன்றே குற்றம் செய்தார் என்பதற்குச் சான்றாகாது என்று வேலைவாய்ப்பில் வேற்றுமை பாராட்டலைத் தடுக்கும் அமெரிக்க நடுவண் ஆணையம் 2012-இல் வெளியிட்ட நெறிமுறையில் தெளிவாகக் கூறியது. கூறவேண்டிய தேவை எழுந்ததே, அவ்வாறு கருதாத வேலைதருநர் எத்துணைப் பேர் என்பதைக் காட்டும்.

இப்பதிவுகள் பிறக்குமிடம் கவுண்டி. மாநிலத்துக்குக் கீழும் ஊர்களுக்கு மேலும் நிற்கும் அந்த ஆட்சிவட்டத்தை இங்குக் கோட்டம் என்கிறேன். தொண்டைநாட்டை 24 கோட்டங்களாகப் பகுத்தாண்ட மரபினர்க்கு அச்சொல்லை இப்பணிக்கு அமர்த்தத் தயக்கம் வேண்டுவதில்லை. கோட்டங்களும் அவற்றுக்கு இணையான வட்டங்களுமாக அந்நாட்டில் 3,100-க்கு மேல் உண்டு. லூசியானாவில் அவற்றுக்குப் பாரிசு என்றும் அலாசுகாவில் பரோ என்றும் பெயர். கனெடிகட்டு மாநிலமோ 1960-இல் கோட்ட ஆட்சியையே கலைத்துவிட்டது. டெக்சாசு மாநிலம் ஒன்றில் மட்டும் 254 கோட்டங்கள். அவற்றுள் லவ்விங் என்னும் கோட்டத்தில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோர் 64 பேர். கலிபோர்னியாவின் லாசு ஏஞ்சலீசுக் கோட்டத்தில் ஒரு கோடிப் பேர். இவ்விரண்டும் சட்டத்தின் கண்ணில் ஒரே தரத்தன. செரீபு என்று அழைக்கப்படும் கோட்டக் காவல்தலைவரும், வழக்கேடுகளைக் காக்கும் மன்ற எழுத்தரும் பெரும்பாலான மாநிலங்களில் மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். ஆதலால் ஏடு பேணும் முறையில் ஒரு கோட்டம் மற்றொன்றைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் நெடுங்காலம் இருந்ததில்லை. இச்சிதறலை நினைவிற் கொள்க. இதன் பயன் பின்னர் விளங்கும்.

தளையிடப்பட்டவர் கோட்டச் சிறையின் வரவு மேடைக்குக் கொண்டுவரப்பட்டதும் பதிவு உருவாகத் தொடங்குகிறது. பெயர், வேறு வழங்குபெயர்கள், பிறந்த நாள், உயரம், எடை, கண்ணின் நிறம், வடு, பச்சைகுத்து ஆகியவை கேட்டும் பார்த்தும் எழுதப்படுகின்றன. சட்டைப்பையில் இருந்த பொருள்கள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு உறையில் இடப்படுகின்றன. முகம் ஒளிப்படமாக எடுக்கப்படுகிறது. அதன்பின் பத்து விரல்களும், ஒவ்வொன்றாக, நகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை கண்ணாடித் தட்டின்மீது உருட்டப்படுகின்றன. உருட்டியெடுத்தது போதாதென்று, ஒரு கையின் நான்கு விரல்களையும் சேர்த்துத் தட்டையாக ஒருமுறை அழுத்தியெடுப்பர். உருட்டும்போது நடுவிரலும் அணிவிரலும் இடம் மாறிப் பதிந்துவிட்டால், சேர்த்தெடுத்த படிவோடு ஒத்துப்பார்த்து அப்பிழையைக் கண்டுகொள்ளலாம். அவருக்கு இடப்படும் எண்கள் இருவகை. ஒன்று இத்தளையீட்டுக்கு மட்டும் உரிய எண். மற்றொன்று அவருடைய விரல்வரியோடு பிணைக்கப்பட்டு எத்துணை முறை தளையிடப்பட்டாலும் மாறாத ஆள் எண்.

விரல்வரியைக் கொண்டு ஆளை அறியும் கலைக்கும் நம் நிலத்துக்கும் தொடர்புண்டு. 1897-இல் கல்கத்தாவில் விரல்வரிப் பணியகம் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய அசீசுல் அக், ஏமச்சந்திர போசு ஆகிய இருவரின் உழைப்பால் உருவான பகுப்புமுறை, அவர்களுடைய மேலலுவலரான எட்வர்டு என்றியின் பெயரால் உலகெங்கும் பரவியது. 1904-இல் செயிண்டு லூயி நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு வந்த இலண்டன் காவலர் ஒருவர் வழியாக அம்முறை அந்நகரக் காவல்துறைக்குக் கிட்டியது. 1924-இல், இன்று எப்.பி.ஐ. எனப்படும் நடுவண் புலனாய்வுப் பணியகம் 810,188 விரல்வரி அட்டைகளை ஒன்றுசேர்த்துத் தன் அடையாளப் பிரிவைத் தொடங்கியது. இன்று அத்தொகுப்பு மேற்கு வர்சீனியாவின் கிளார்க்குசுபர்க்கு நகரில் உள்ளது.

பதிவைத் திறக்கும் திறவுகோல் இரண்டென அறிக. ஒன்று வரித்திறவு; விரல்வரியால் திறப்பது. மற்றொன்று பெயர்த்திறவு; பெயராலும் பிறந்த நாளாலும் திறப்பது. சிறையும் மாநிலக் காவல் தொகுப்பும் நடுவண் தொகுப்பும் வரித்திறவால் இயங்குவன. கோட்ட முறைமன்றத்தின் வழக்கடைவோ பெயர்த்திறவை மட்டுமே அறியும்; மன்ற எழுத்தர் எவருடைய விரலையும் பார்ப்பதில்லை. ஆகவே சிறையில் தொடங்கிய வரலாறும் மன்றத்தில் முடிந்த வரலாறும் ஒன்றையொன்று அறியா மொழிகளில் எழுதப்படுகின்றன. இவ்விரண்டையும் பிணைப்பதற்குத் தளையீட்டின்போதே ஒரு தொடரெண் இட்டு, அவ்வெண்ணை வழக்குத் தாள் ஒவ்வொன்றிலும் குறித்துவரும் முறையைப் பல மாநிலங்கள் கொண்டுள்ளன. வழக்குத் தாளில் அவ்வெண் விடுபட்டால், வழக்கு தள்ளப்பட்ட செய்தி மாநிலத் தொகுப்பில் போய்ச் சேர இடமின்றி நின்றுவிடும். நடுவண் தொகுப்பில் உள்ள தளையீடுகளுள் ஏறத்தாழ பாதிக்கே முடிவு குறிக்கப்பட்டிருந்தது என்று 2006-இல் அமெரிக்கத் தலைமை வழக்குரைஞரின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. மற்றப் பாதி, கேள்வி மட்டும் எழுதப்பட்டு விடை எழுதப்படாத தாள்கள்.

இனி, இப்பதிவு ஏன் பொதுப்பதிவாக இருக்கிறது என்று வினவலாம். அரசு தன் குடிமகனைப் பிடித்து மறைவாக அடைத்துவைத்தல் கொடுங்கோன்மையின் முதல் அடையாளம். இன்று யாரைப் பிடித்தீர், எக்கரணியத்தால் பிடித்தீர், எங்கே வைத்துள்ளீர் என்று எவரும் சென்று கேட்கத்தக்கதாகச் சிறையேடு திறந்திருத்தல் அக்கொடுமைக்கு எதிரான காப்பு. முறைமன்ற ஏடுகளைப் பார்க்கவும் படியெடுக்கவும் பொதுமக்களுக்குள்ள உரிமையை அந்நாட்டுத் தலைமை முறைமன்றம் 1978-இல் ஏற்றுக் கூறியது. ஆகவே திறந்த ஏடு தளையிடப்பட்டவரின் நலனுக்காகவே பிறந்தது. அதுவே அவருக்கு எதிராகத் திரும்பும்போது சட்டம் என்ன சொல்லும்? 1970-களில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், கடைத்திருட்டில் ஈடுபட்டு வருபவர் என்று பலருடைய பெயரையும் படத்தையும் அச்சிட்டு ஏறத்தாழ 800 கடைக்காரர்களுக்குக் காவல்துறை வழங்கியது. அதில் படம் இடம்பெற்ற ஒருவர் தளையிடப்பட்டிருந்தாரேயன்றிக் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றவரல்லர். அவர்மீதான சாட்டும் சில நாளில் தள்ளப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1976-இல் தீர்ப்பளித்த தலைமை முறைமன்றம், நற்பெயர் மட்டும் கெட்டமை அரசியலமைப்பு காக்கும் உரிமையின் இழப்பாகாது என்று கூறிவிட்டது. அத்தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அதுவே நின்றது. பெயர் நீக்கலுக்கான உரிமையை மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றாக உருவாக்கவேண்டி வந்தமைக்கு அதுவும் ஒரு கரணியம்.

பதின்மூன்று ஆண்டு கழிந்து, 1989-இல், அதே மன்றத்தில் இத்துறையின் நடுக்கோட்பாடு வகுக்கப்பட்டது. ஒருவருடைய குற்றவரலாற்றுத் தொகுப்பை எப்.பி.ஐ.யிடம் செய்தியாளர்கள் கேட்டனர். அத்தொகுப்பில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் எங்கோ ஒரு கோட்டத்தில் முன்னரே பொதுப்பதிவாகக் கிடப்பதுதானே, தொகுத்துத் தந்தால் என்ன என்பது அவர்கள் வழக்கு. நடுவர் சுடீவன்சு எழுதிய தீர்ப்பு அதனை மறுத்தது. நாடெங்கும் உள்ள மன்றங்களிலும் கோட்டத்து ஆவணக் காப்பகங்களிலும் காவல்நிலையங்களிலும் அலைந்து தேடினால் கிடைக்கக்கூடிய செய்தி வேறு, ஓரிடத்தில் கணினி தொகுத்து நீட்டும் செய்தி வேறு என்பது அதன் சாரம். பொதுவாய் இருப்பினும் தேடும் உழைப்பின் பெருக்கத்தால் மறைந்து நிற்கும் இந்நிலையைச் சிதறல்மறைவு எனலாம். எந்தச் சட்டமும் இயற்றாமல், தொலைவும் தாளும் தூசியும் ஏடுகளின் எடையும் சேர்ந்து அளித்த காப்பு அது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட கோட்டங்கள் தத்தம் போக்கில் ஏடு பேணியதால், ஒருவர் ஒரு கோட்டத்தில் பட்ட களங்கம் அடுத்த கோட்டத்துக்குத் தானாக வந்ததில்லை. குடிபெயர்ந்தவர் புதிதாய்த் தொடங்க முடிந்தது.

அக்காப்பு எவ்வாறு குலைந்தது என்பதற்குப் பென்சில்வேனியாவின் பக்சுக் கோட்டம் தக்க எடுத்துக்காட்டு. அங்கு ஒருவர் 1998-இல் தளையிடப்பட்டார். 2000-இல் முறைமன்ற ஆணையால் அவருடைய பதிவு அழிக்கப்பட்டது. பின்னர் அக்கோட்டம் தன் சிறையில் 1938 முதல் இருந்தோர் அனைவரின் குறிப்பையும் யாவரும் தேடத்தக்கதாக இணையத்தில் ஏற்றியது. அழிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட அவருடைய பதிவும் ஒளிப்படத்தோடு அதில் நின்றது. அவர் வழக்குத் தொடுத்தார். ஏறத்தாழ 67,000 பேர் சார்பில் அது பொதுவழக்காக விரிந்தது. மாநிலத்தின் குற்றவரலாற்றுப் பதிவுச் சட்டத்தை அக்கோட்டம் அறிந்தே மீறியது என 2019 மே மாதத்தில் அறங்கூறு ஆயத்தார் முடிவு செய்து, ஒவ்வொருவருக்கும் 1,000 டாலர் எனத் தண்டம் விதித்தனர். ஆயத்தார் பெருக்கிப் பார்த்தார்களோ இல்லையோ, கோட்டத்தின் கருவூலத்தார் கட்டாயம் பெருக்கிப் பார்த்திருப்பர்: 6 கோடியே 70 இலட்சம் டாலர். இங்கு நாம் அறியவேண்டியது தொகையன்று. மன்ற ஆணை சென்றடைந்த ஏடுகளில் பதிவு நீங்கியது. ஆணை எட்டாத ஓர் உள்தொகுப்பில் அது உறங்கியது. அத்தொகுப்பு இணையத்தோடு பிணைக்கப்பட்ட அன்று விழித்துக்கொண்டது.

இதன் அருகே ஓர் இழிதொழிலும் வளர்ந்தது. கோட்டச் சிறைகள் வெளியிடும் முகப்படங்களைக் கணினிநிரல்களால் அள்ளித் தம் தளங்களில் இட்டு, அவற்றை நீக்கப் பணம் கேட்கும் நிறுவனங்கள் தோன்றின. 2013-இல் சார்சியா முதலிய சில மாநிலங்களும், தொடர்ந்து கலிபோர்னியாவும் அவ்வாறு பணம் பெறுவதைத் தடுத்துச் சட்டம் இயற்றின. அதே 2013-இல் கூகுள் தன் தேடுமுறையை மாற்றி அத்தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. பணப்பரிமாற்ற நிறுவனங்கள் சில அவற்றோடு தொடர்பை முறித்தன. தளையீட்டு ஒளிப்படத்தில் ஒருவருக்குத் தனிமறைவு நலன் உண்டு என்று 2016-இல் நடுவண் மேல்முறையீட்டு மன்றங்களுள் ஒன்றான ஆறாம் வட்ட மன்றம் தீர்ப்பளித்து, தானே 1996-இல் கூறியதை மாற்றிக்கொண்டது. இடைப்பட்ட இருபது ஆண்டில் மாறியது சட்டமன்று, இணையம்.

இனித் தேடல். தம் பதிவைத் துடைக்க விரும்புவோர் முதலில் அது எங்கெங்கே உள்ளது என்று காணவேண்டும். காணாத படியை எவ்வாணையும் அழிக்காது. வைப்பிடங்கள் ஐந்து: தளையிட்ட காவல்துறையும் சிறையும், கோட்ட முறைமன்றம், மாநிலத் தொகுப்பு, நடுவண் தொகுப்பு, தனியார் தொகுப்பு. பலர் இணையத்தில் தம் பெயரை இட்டுத் தேடுவதிலிருந்து தொடங்குவர். அது கடைசியில் செய்யவேண்டியது. வரித்திறவுள்ள தொகுப்பிலிருந்து தொடங்குதலே முறை. மாநிலக் காவல்துறைக்கோ நீதித்துறைக்கோ விரல்வரி கொடுத்துத் தம் வரலாற்றுத் தாளைக் கேட்டுப் பெறலாம், எப்.பி.ஐ.யிடமும் அவ்வாறே பெறலாம். தம் விரலே தம்மை அடையாளம் காட்டுவதால் அதில் பிறர் பதிவு கலப்பது அரிது. அத்தாளில் உள்ள நாள், காவல்துறையின் பெயர், தொடரெண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பின்னரே கோட்டத்துக்குச் செல்லவேண்டும். டெக்சாசில் பெருங்குற்ற வழக்கேடு மாவட்ட எழுத்தரிடமும் சிறுகுற்ற வழக்கேடு கோட்ட எழுத்தரிடமும் இருப்பது பொதுவழக்கு. ஒரே கட்டடத்தின் இரு சாளரங்களில் இருவேறு அடைவுகள். விசுகான்சின் போன்ற மாநிலங்களில் எல்லாக் கோட்டங்களின் வழக்குகளையும் ஒரே இணையதளத்தில் தேடலாம்.

பெயர்த்திறவால் தேடும்போது தமிழர்க்கெனவே ஒரு தொல்லை உண்டு. முன்னெழுத்தோடு வழங்கும் நம் பெயர்முறையில் குடும்பப்பெயர் என ஒன்று இல்லை. கடவுச்சீட்டில் தந்தை பெயர் ஓரிடத்திலும், ஓட்டுநர் உரிமத்தில் வேறோர் இடத்திலும், சிறையேட்டில் காவலர் கேட்ட ஒலிப்படியும் அமைவது இயல்பு. ஆகவே பெயரைத் திருப்பியும், இணைத்தும், பிரித்தும், எழுத்து மாற்றியும் தேடவேண்டும். இல்லையென அடைவு காட்டினால், அப்பெயர்வடிவில் இல்லை என்பதே அதன் பொருள். இதன் மறுதலையும் உண்டு: ஒரே பெயர் கொண்ட இருவருள் ஒருவரின் தளைப்பதிவு மற்றவர் அறிக்கையில் ஏறுவது. பெயர் ஒன்றை மட்டும் ஒத்துப்பார்த்து அறிக்கை தருவது சட்டம் வேண்டும் கவனமாகாது என்று 2021-இல் அமெரிக்க நுகர்வோர் நிதிக் காப்புப் பணியகம் எச்சரித்தது.

வேலைதருநர் பெரும்பாலும் பார்ப்பது ஐந்தாம் வைப்பிடமாகிய தனியார் தொகுப்பை. அதனை ஆள்வது 1970-ஆம் ஆண்டின் நயன்மைக் கடனறிக்கைச் சட்டம். ஏழாண்டுக்கு முற்பட்ட, தீர்ப்பில் முடியாத தளையீட்டை அறிக்கையில் காட்டலாகாது என்பது அதன் பொதுநெறி. ஆண்டு ஊதியம் 75,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள வேலைகளுக்கு அக்காப்பு இல்லை. பெரிய வேலைக்குச் செல்பவருக்கு நினைவு நீளமாக இருக்கட்டும் என்று கருதினர் போலும்.

துடைப்பு என்று பொதுவாகச் சொல்வதனுள் வகைகள் உண்டு. பதிவை இல்லாமற் செய்வது அழிப்பு. பதிவை வைத்துக்கொண்டு பொதுமக்கள் பார்வையிலிருந்து மட்டும் விலக்குவது மூடல். மூடப்பட்டதைக் காவல்துறையும் சில உரிமம் வழங்கும் அமைப்புகளும் காணலாம். மூன்றாவது, தளையிடப்பட்டவர் மெய்யாகவே குற்றமற்றவர் என அறிவிப்பது. கலிபோர்னியாவில் இவ்வறிவிப்புப் பெற்றவரின் தளைப்பதிவு, தளையிட்ட நாளிலிருந்து மூன்றாண்டு மூடி வைக்கப்பட்டு, பின் அழிக்கப்படும். இதற்கான வேண்டுகையைப் பொதுவாக இரண்டாண்டுக்குள் தரவேண்டும். குற்றமின்மையை மெய்ப்பிக்கும் சுமை வேண்டுவோர்மேல் விழுவதால் இது கடினமான வழி. தீர்ப்பில் முடியாத தளையீட்டை மூடுவதற்கு அம்மாநிலம் பின்னர் எளிய வழியொன்றையும் வகுத்தது.

அழிப்பின் அமைப்பை உள்ளவாறு காண டெக்சாசின் சட்டமே ஏற்றது. குற்றச்சாட்டு எழாத தளையீடாயின், தண்டத்தொகை மட்டும் விதிக்கத்தக்க சிறுகுற்றத்துக்கு 180 நாளும், பிற சிறுகுற்றத்துக்கு ஓராண்டும், பெருங்குற்றத்துக்கு மூன்றாண்டும் பொதுவாகக் காத்திருக்கவேண்டும். பின் மாவட்ட முறைமன்றத்தில் வேண்டுகை தரப்படும். அதில் வேண்டுவோரின் முழுப்பெயர், பிறந்த நாள், ஓட்டுநர் உரிம எண், தளையிடப்பட்டபோது வாழ்ந்த முகவரி, சாட்டப்பட்ட குற்றம், தளையிட்ட நாள், கோட்டம், ஊர், காவல்துறை, வழக்கெண் ஆகியவை வேண்டும். இவற்றுக்குப் பின் வரும் பட்டியல்தான் இவ்வேண்டுகையின் உயிர். பதிவின் படி இருக்கக்கூடும் என்று கருதப்படும் காவல்துறை, சிறை, முறைமன்றம், வழக்குரைஞர் அலுவலகம், மாநிலத் தொகுப்பு, நடுவண் தொகுப்பு, குற்றவரலாற்றை விலைக்குத் தரும் தனியார் நிறுவனம் ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறிக்கவேண்டும். அவை அனைத்துக்கும் அறிவிப்புச் சென்று, 30 நாளேனும் கழிந்த பின்னரே உசாவல் நடக்கும். ஆணை பிறந்ததும் அதன் சான்றிட்ட படி ஒவ்வோர் அலுவலகத்துக்கும் செல்லும். அவை தம்மிடமுள்ள தாள்களை மன்றத்துக்குத் திருப்பவேண்டும், திருப்ப இயலாதாயின் ஆளைக் காட்டும் இடங்களை அடித்து மறைக்கவேண்டும். பதிவு பிறந்து எவ்வெவ்வழியே படியாகிச் சென்றதோ அவ்வவ்வழியே ஆணையும் பின்தொடர்ந்து செல்லுமாறு அமைக்கப்பட்ட ஒழுங்கு இது. பட்டியலில் விடுபட்ட அலுவலகம் ஆணையிலும் விடுபடும் என்பதே இதன் வலிவும் மெலிவும்.

அழிப்பு ஆணை பெற்றவர், தளையிடப்பட்டதுண்டா என்று கேட்டால் இல்லையெனக் கூற டெக்சாசுச் சட்டம் உரிமை தருகிறது. குற்றவழக்கில் சூளுரைத்துச் சான்று கூறும்போது மட்டும் அது அழிக்கப்பட்டது என்று சொல்லவேண்டும். அழிக்கப்பட்டதை அறிந்தே வெளியிடும் அலுவலர் தாமே சிறுகுற்றத்துக்கு ஆளாவார். ஆனால் இவ்வுரிமை மாநிலத்தின் எல்லையோடு நிற்பது. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் படிவம், இதுவரை எப்போதேனும் தளையிடப்பட்டதுண்டா என்று கேட்கிறது; மூடப்பட்டதையும் அழிக்கப்பட்டதையும்கூடச் சொல்லவேண்டும் என அறிவுறுத்துகிறது. அங்குக் குடியேறி வாழும் நம்மவர் பலர் இதனை அறியாமல், அழித்தாயிற்று என்ற துணிவில் இல்லையென எழுதிவிடக்கூடும். அப்போது பழைய தளையீட்டைவிட அந்த விடையே பெருந்தீங்காகும். மேலும், வழக்கு தள்ளப்பட்டமைக்கான சான்றிட்ட படியை அப்படிவத்தோடு தரவேண்டியிருக்கும். அழிப்புக்குப் பின் அப்படியைத் தர மன்றத்திலும் ஏதும் இராது. ஆகவே வேண்டுகை தருமுன்னரே சான்றிட்ட படிகளை எடுத்துத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அழிக்கப்போவதைப் படியெடுத்து வைப்பது முரணாகத் தோன்றினும், இதுவே அறிந்தோர் செய்வது.

உரிமை இருப்பதும் அதனைப் பெறுவதும் வேறுவேறு. மிச்சிகன் மாநிலத்தில் தீர்ப்புப் பதிவுகளின் நீக்கத்தை ஆராய்ந்து பிரெசுகாட்டு, சுடார் என்னும் சட்டப் பேராசிரியர் இருவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி பெற்றோருள் ஐந்தாண்டுக்குள் நீக்கம் பெற்றவர் 6.5 விழுக்காட்டினரே எனத் தெரியவந்தது. பெற்றவர்களின் ஊதியமோ ஓராண்டுக்குள் 22 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருந்தது. கட்டணம், படிவம், காத்திருப்பு, அறியாமை, மன்றப் படியேற அச்சம் ஆகியன மற்றவர்களைத் தடுத்து நின்றன.

இதற்கு விடையாக வந்ததே தன்னியக்கத் துடைப்பு. பென்சில்வேனியா 2018-இல் அதற்கென முதற்சட்டம் இயற்றி, 2019 சூன் மாதத்தில் செயற்படுத்தியது. வேண்டுகையில்லை, வழக்குரைஞரில்லை, தீர்ப்பில் முடியாத சாட்டுகளைக் கணினி தானே தேர்ந்து, மாநிலக் காவல் தொகுப்போடு ஒத்துப்பார்த்து மூடியது. முதல் ஓராண்டில் 3 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் இவ்வாறு மூடப்பட்டன. அங்கு அது இயன்றதற்குக் கரணியம், அம்மாநிலத்தின் 67 கோட்டங்களின் குற்றவழக்குகளும் முன்னரே ஒரே கணினிமுறைக்குள் வந்துவிட்டமை. சிதறல்மறைவைக் குலைத்த அதே தொகுப்பு இங்குத் துடைப்பின் கருவியாயிற்று. யூட்டா, மிச்சிகன், நியூயார்க்கு முதலிய மாநிலங்களும் பின்னர் இவ்வழி நடந்தன. ஆயினும் கணினி மூடுவது, முடிவு குறிக்கப்பட்ட பதிவையே. தொடரெண் விடுபட்டு முடிவின்றிக் கிடக்கும் பழைய தாளைத் தேர்ந்தெடுக்க அதற்கு வழியில்லை. அங்கு மீண்டும் ஆளொருவர் சென்று, மன்ற எழுத்தரிடம் ஏடெடுத்துக் காட்டச் சொல்லி, விடுபட்ட முடிவை எழுதச் செய்தல் வேண்டும்.

தனியார் தொகுப்பு வேறு. மதகை அடைப்பதால் முன்னரே வயலுக்குப் பாய்ந்த நீர் திரும்புவதில்லை. கோட்டத்திடம் அந்நிறுவனங்கள் விலைக்கு வாங்கிய படி, கோட்டம் அழித்த பின்னும் அவற்றிடம் இருக்கும். ஆகவே ஆணை பெற்றுச் சில மாதம் கழிந்த பின், முதலில் தேடிய வரிசையிலேயே மீண்டும் தேடவேண்டும். விரல்வரி கொடுத்து மாநிலத் தாளையும் நடுவண் தாளையும் பெறுக. கோட்ட மன்றத்தின் அடைவில் எல்லாப் பெயர்வடிவிலும் பார்க்க. பின்னணி ஆயும் நிறுவனத்திடம் தம்மைப் பற்றிய கோப்பைக் கேட்டு வாங்குக. அதில் அப்பதிவு இன்னும் நின்றால் எழுத்தில் மறுப்புத் தெரிவித்து ஆணையின் படியையும் இணைக்கவேண்டும். பொதுவாக 30 நாளுக்குள் அந்நிறுவனம் மறுபடி ஆராய்ந்து, மெய்ப்பிக்க இயலாததை நீக்கக் கடமைப்பட்டது. மடலைப் பதிவஞ்சலில் அனுப்பிப் பெறுகைச் சீட்டை வைத்துக்கொள்ளுதல் நன்று. நீக்கியபின் அதே பதிவு வேறொரு தொகுப்பிலிருந்து மறுபடி வந்து ஏறுவதும் உண்டு, அப்போது அச்சீட்டு வேண்டியிருக்கும்.